அடுத்த வீட்டு ஓசையும் நம் வீட்டு ஓசையும்

(சபராளிகளுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் ஒரு பாடம்)

 

மீமிசல் பக்கத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர், ஒரு ஜும்ஆ தொழுகைக்குப் பின் என்னைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகன் வளைகுடா நாடொன்றில் இரவு டூட்டி பார்ப்பவர். பகலில்தான் அவருக்கு உறக்கம். ஓர் அறையில் எட்டுப் பேர்; கட்டிலுக்கு மேல் கட்டில். ஒருவர் ஊருக்குப் பேசுகிறார். ஒருவர் கைப்பேசியில் சினிமாப் பாட்டை உரக்க வைக்கிறார். ஒருவர் சமைக்கிறார். மேல் மாடியில் நாற்காலி இழுபடுகிறது.

"அத்தா, சேர்ந்தாற்போல் மூன்று மணி நேரம் தூங்கி ஒரு மாதமாகிறது. கண் அசந்தால் லுஹர் களாவாகிறது. நேற்று ஒருவனைக் கை நீட்டிவிட்டேன். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். அதற்கு முன் நானே விட்டுவிட்டு வந்துவிடுகிறேன்" என்று மகன் போனில் அழுதாராம். விசாவுக்காக வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை. "ஹஜ்ரத், அவனுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்று கேட்டார் பெரியவர்.

இது ஒரு தகப்பனாரின் கேள்வி மட்டுமல்ல. நம் புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரையிலே கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், கோபாலப்பட்டினம், அம்மாபட்டினம் ஆகிய ஊர்களிலும், உள்நாட்டிலே அறந்தாங்கி, அரசர்குளம், அன்னவாசல், முக்கண்ணாமலைப்பட்டி போன்ற ஊர்களிலும் சபர் போன பிள்ளைகள் இல்லாத தெரு அரிது. பாட்டனார் காலத்தில் மலாயா, சிங்கப்பூர், பர்மா. இன்று சவூதி, துபாய், குவைத், கத்தார். பிள்ளை சபர் புறப்படும்போது கஸ்ருத் தொழுகையைச் சொல்லித் தருகிறோம். ஹலாலான இறைச்சி எது என்று சொல்லித் தருகிறோம். கிப்லாவைப் பார்க்கச் சொல்லித் தருகிறோம். ஒரே சுவருக்கு இருபுறமும் வாழ்வது எப்படி என்பதை மட்டும் சொல்லித் தருவதில்லை. அந்தப் பாடத்தைத்தான் இம்மாதம் படிக்கப் போகிறோம்.

பக்கத்தில் இருக்கும் தோழர்

அண்டை வீட்டார் என்றதும் நம் ஊரில் வேலிக்கு அப்பால் இருப்பவரை நினைத்துக் கொள்கிறோம். அல்லாஹுத் தஆலா அன்னிஸா அத்தியாயத்தில் (4:36) தன்னை மட்டும் வணங்கும்படி கட்டளையிட்டு, பெற்றோருக்கும் உறவினருக்கும் அநாதைகளுக்கும் ஏழைகளுக்கும் நன்மை செய்யச் சொன்ன கையோடு, மூன்று வகை அண்டையாரைக் குறிப்பிடுகிறான். நெருங்கிய அண்டையார் ஒருவர். அந்நியரான அண்டையார் ஒருவர். மூன்றாமவர், பக்கத்தில் இருக்கும் தோழர். இந்த மூன்றாமவர் பிரயாணத்தில் உடன் வருபவர் என்று விளக்கம் கூறிய முபஸ்ஸிர்கள் உண்டு. வாழ்க்கைத் துணை என்று கூறியவர்களும் உண்டு. ஒரு தொழிலில், ஓர் இடத்தில் கூட இருப்பவரையும் இதிலே சேர்த்துள்ளனர்.

அப்படியானால், ஒரே அறையில் மேல்கட்டிலில் படுப்பவர் யார்? அவர் மலையாளியாக இருக்கலாம், வங்காளியாக இருக்கலாம், நம் மார்க்கத்தைச் சேராதவராகவும் இருக்கலாம். அவரும் திருமறை குறிப்பிட்ட அண்டையாரே.

அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் இடைவிடாமல் உபதேசித்து வந்ததைக் கண்டு, அவர்களுக்குச் சொத்தில் பங்கே கொடுக்கச் சொல்லி விடுவார்களோ என்று எண்ணியதாக நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள் (புகாரி, முஸ்லிம்). இந்த ஹதீதை நினைவில் வைத்துத்தான் அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் தம் வீட்டில் ஆடு அறுத்தபோது, பக்கத்து யூதருக்குக் கொடுத்தீர்களா என்று வீட்டாரிடம் கேட்டார்கள் (அபூதாவூத், திர்மிதி). ஆகவே அண்டையாரின் ஹக்குக்கு மார்க்க வேற்றுமை தடையல்ல என்பது தெளிவு.

இரவெல்லாம் தொழுது, பகலெல்லாம் நோன்பு வைத்து, தர்மமும் செய்து, நாவினால் மட்டும் அண்டையாருக்குத் தொல்லை கொடுத்து வந்த ஒரு பெண்மணியைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அவளிடம் நன்மை இல்லை, அவள் நரகவாதி என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீது இருக்கிறது (அஹ்மத்). நாவிலிருந்து புறப்படுவதும் ஓசைதான் என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள்.

ஓசைக்கும் ஓர் எல்லை

லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தில், நடையிலே நடுநிலையும் குரலிலே தாழ்வும் வேண்டும் என்றார்கள். உரத்த குரலுக்குக் கழுதையின் குரலை உவமையாகக் காட்டினார்கள் (31:19). தொழுகையில் ஓதுவதைக் கூட மிகவும் உரக்கவும் வேண்டாம், மிகவும் மெதுவாகவும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவான வழி வேண்டும் என்று அல்லாஹ் கூறுகிறான் (17:110).

நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் இஃதிகாப் இருந்த ஒரு சமயம், மக்கள் உரக்க ஓதுவதைக் கேட்டார்கள். திரையை நீக்கி, உங்களில் ஒவ்வொருவரும் தம் இறைவனுடன் உரையாடுகிறீர்கள், எனவே ஒருவருக்கொருவர் தொல்லை தர வேண்டாம், ஓதுவதில் ஒருவர் குரலை மற்றவர் குரலுக்கு மேல் உயர்த்த வேண்டாம் என்று தடுத்தார்கள் (அபூதாவூத்). கவனியுங்கள்! ஓதப்பட்டது குர்ஆன், ஓதியவர்கள் ஸஹாபாக்கள், இடம் பள்ளிவாசல். அங்கேயும் பிறருக்குத் தொல்லை கூடாது என்றால், நள்ளிரவில் நாம் கைப்பேசியில் அலறவிடும் ஓசைக்கு என்ன நியாயம் சொல்ல முடியும்?

இன்னொரு ஹதீது, கூட்டு அறையில் வாழும் நம் பிள்ளைகளுக்கென்றே அமைந்தது போலிருக்கிறது. மிக்தாத் (ரலி) அவர்களும் இரு தோழர்களும் பசியால் மெலிந்து, தங்க இடமின்றி, நபி (ஸல்) அவர்களின் ஆதரவில் தங்கியிருந்தார்கள். இரவில் நபி (ஸல்) அவர்கள் அங்கு வரும்போது, விழித்திருப்பவருக்குக் கேட்கும்படியும், தூங்குபவர் விழித்துக் கொள்ளாதபடியும் ஸலாம் சொல்வார்கள் (முஸ்லிம்). ஸலாம் சொல்வது சுன்னத்து. அந்தச் சுன்னத்தையும் அளந்து சொன்னார்கள் நம் நாயகம்.

வீட்டிலே ஓய்வுக்குரிய நேரங்களையும் மார்க்கம் வகுத்திருக்கிறது. சுபுஹுக்கு முன், நடுப்பகலில், இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் வீட்டுப் பிள்ளைகளும் பணியாளர்களும்கூட அனுமதி கேட்டே அறைக்குள் வரவேண்டும் என்பது அந்நூர் அத்தியாயத்தின் கட்டளை (24:58). சொந்த வீட்டாருக்கே இந்த ஒழுங்கு என்றால், சுவருக்கு அப்பால் உள்ளவரின் ஓய்வு நமக்கு எவ்வளவு கண்ணியமானதாக இருக்க வேண்டும்!

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் குர்ஆனை உரக்க ஓதுவதன் சிறப்பைக் கூறும் ஹதீதுகளையும், மெதுவாக ஓதுவதன் சிறப்பைக் கூறும் ஹதீதுகளையும் இணைத்துக் காட்டி, முகஸ்துதிக்கு அஞ்சுபவரும், தொழுபவருக்கோ தூங்குபவருக்கோ இடையூறு ஏற்படும் என்று அஞ்சுபவரும் மெதுவாக ஓதுவதே மேல் என்று முடிவு கூறியிருக்கிறார்கள். ஷாபிஈகளான நம் கடற்கரை மக்களும், ஹனபிகளான உள்நாட்டு மக்களும் ஒருசேர ஏற்று நடக்கத்தக்க முடிவு இது.

இந்த ஹதீதுகளையெல்லாம் அந்தப் பெரியவரிடம் சொல்லிவிட்டு, "உங்கள் மகனிடம் ஒன்று கேளுங்கள். அவரிடமிருந்து எழும் எந்த ஓசை மற்றவர்களுக்குத் தொல்லையாக இருக்கிறது என்று அறையில் விசாரித்து வரச் சொல்லுங்கள்" என்றேன். பெரியவருக்கு முகம் வாடிவிட்டது. தொல்லைப்படுபவனையே விசாரிக்கச் சொல்கிறீர்களே என்றார். ஆனாலும் கேட்பதாக ஒப்புக் கொண்டார். அதன் பதில் என்ன வந்தது என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

சிங்கப்பூர் தரும் படிப்பினை

ஓசையைக் குறைத்தால் மார்க்கம் குறைந்து விடுமோ என்ற அச்சம் நம்மில் பலருக்கு உண்டு. இதற்கு, நம் முன்னோர் பிழைக்கச் சென்ற சிங்கப்பூரே தக்க விடையாக இருக்கிறது.

அங்கே சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமிஆ சூலியாப் பள்ளிவாசல் இருக்கிறது. தமிழ் பேசும் சூலியா முஸ்லிம்கள் 1826-இல் ஏற்படுத்தியது. அதே தெருவில், மிக அருகிலேயே, 1827-இல் தமிழ் இந்துக்கள் ஏற்படுத்திய மாரியம்மன் கோயில் இருக்கிறது. சுற்றிலும் சீனர் குடியிருப்பு. பாங்கும் மேளமும் சீனர் ஊர்வலத்தின் தாளமும் ஒரே தெருவில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கூடி வாழ்ந்திருக்கின்றன.

ஒலிபெருக்கியைப் பாங்குக்குப் பயன்படுத்திய உலகின் முதல் பள்ளிவாசல்களில் ஒன்றாகச் சொல்லப்படுவதும் சிங்கப்பூரின் சுல்தான் பள்ளிவாசலே; ஆண்டு 1936. பின்னர் 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஏற்பட்டு, மக்கள் அடுக்குமாடிகளுக்குக் குடியேறினார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் என எல்லோரும் மேலும் கீழுமாக ஒரே கட்டடத்தில் குடியிருக்கலாயினர். கம்பத்திலே காற்றோடு போன ஓசை, அடுக்குமாடியில் சுவரில் மோதித் திரும்பியது.

நம் புதுக்கோட்டை மாவட்டம் உருவான அதே 1974-ஆம் ஆண்டில், சிங்கப்பூர் அரசு இரைச்சலைக் குறைக்கும் இயக்கத்தை நடத்தியது. சீனர் நாடக மேடை, இறுதி ஊர்வலம், தேவாலய மணி எல்லாமே அதில் பேசப்பட்டன. பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கியும் வந்தது. முஸ்லிம்களிடையே வருத்தமும் விவாதமும் இல்லாமலில்லை. இறுதியில் 1968 முதல் இயங்கி வரும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமும் கலந்து கொண்ட ஆலோசனைக்குப் பின், ஒலிபெருக்கிகள் பள்ளிவாசலின் உட்புறம் திருப்பி வைக்கப்பட்டன. ஐவேளைப் பாங்கும் வானொலியில் ஒலிபரப்பாகியது. இன்றும் மலாய் வானொலியில் ஒலிக்கிறது. பாங்கு கேட்க விரும்புபவரின் சமையலறைக்கே அது வந்து சேர்ந்தது. இரவு வேலை முடித்து உறங்கும் பக்கத்து வீட்டுச் சீனரை அது எழுப்பவில்லை.

இனி அடுத்ததைப் பாருங்கள். மறு ஆண்டு, 1975-இல், முஸ்லிம் தொழிலாளர்களின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் சிறு தொகை சேரும் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கப்பட்டது. அந்நிதியில் எழுந்த முதல் பள்ளிவாசலான முஹாஜிரீன் பள்ளிவாசல் 1977-இல் தோ பாயோ அடுக்குமாடிப் பேட்டைக்கு அருகே திறக்கப்பட்டது. தொடர்ந்து பேட்டை தோறும் பள்ளிவாசல்கள் எழுந்தன. வெளியே ஓசை சுருங்கியது, பள்ளிவாசல்கள் பெருகின.

"பாங்கில் குரலை உயர்த்துவது சுன்னத்தாயிற்றே?" என்று கேட்கலாம். உண்மைதான். வனத்தில் ஆட்டு மந்தையோடு இருப்பவரும் குரலை உயர்த்திப் பாங்கு சொல்லட்டும், அதைக் கேட்பவை யாவும் மறுமையில் சாட்சி சொல்லும் என்று அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி). பாங்கு சொல்பவர் தம் குரலை உயர்த்துவது சுன்னத்து. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கருவி வைத்து அந்தக் குரலைப் பன்மடங்கு பெருக்குவது நம் காலத்து வசதி. வசதியை இடமறிந்து கையாள்வது சுன்னத்துக்கு மாற்றமாகாது. ஹரமைன் அமைந்த சவூதி அரேபியாவிலேயே 2021-இல், வெளி ஒலிபெருக்கி பாங்குக்கும் இகாமத்துக்கும் மட்டுமே, அதுவும் கருவியின் முழு ஒலியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாமல் என்று இஸ்லாமிய விவகார அமைச்சகம் உத்தரவிட்டது. ஓதுவதில் ஒருவருக்கொருவர் தொல்லை தர வேண்டாம் என்று மேலே நாம் படித்த ஹதீதின் கருத்தே அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது.

இமாமுல் அஃளமும் செருப்புத் தைப்பவரும்

இது வரை நம் ஓசையைப் பற்றிப் பேசினோம். அடுத்தவர் ஓசையை எப்படித் தாங்குவது? இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் வரலாற்றில் ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது.

கூபா நகரில் இமாமவர்களின் அடுத்த வீட்டில் செருப்புத் தைக்கும் ஒருவர் குடியிருந்தார். பகல் முழுதும் உழைப்பார். இரவானால் இறைச்சியோ மீனோ வாங்கி வந்து, சமைத்துத் தின்று, குடித்துவிட்டு, தம்மை எல்லோரும் கைவிட்டு விட்டார்கள் என்ற பொருள்பட ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுவார். சுவருக்கு இப்பால் இமாமவர்கள் இரவுத் தொழுகையில் நிற்பார்கள். அந்தப் பாட்டு ஒவ்வோர் இரவும் காதில் விழும்.

ஓர் இரவு அந்த ஓசை கேட்கவில்லை. நாமாக இருந்தால் "அப்பாடா" என்று நிம்மதியாகப் படுத்திருப்போம். இமாமவர்கள் விசாரித்தார்கள். இரவுக் காவலர் அவரைப் பிடித்துச் சென்றுவிட்டதாகத் தெரிந்தது. சுபுஹு தொழுததும் இமாமவர்கள் வாகனம் ஏறி, அமீரிடமே சென்று, தம் அண்டை வீட்டாரை விடுவிக்கும்படி கேட்டார்கள். அமீர் விடுவித்தார். திரும்பும் வழியில், "நாம் உம்மைக் கைவிட்டு விட்டோமா?" என்று கேட்டார்கள். இல்லை, அண்டையாரின் ஹக்கைக் காப்பாற்றி விட்டீர்கள் என்று கூறிய அவர், அன்றே தௌபாச் செய்து திருந்தினார்.

இதனால் இரைச்சல் போடுவது சரியென்று ஆகாது. இமாமவர்கள் தமக்குரிய ஹக்கை விட்டுக் கொடுத்தார்கள்; அவ்வளவுதான். ஆனால் அவர்கள் கேட்டது வெறும் இரைச்சலை அல்ல. ஒரு மனிதரின் குரலை. மேல்கட்டிலில் நள்ளிரவில் உரக்கப் பேசுபவர் தன் கைக்குழந்தையின் முகத்தைக் கைப்பேசியில் பார்த்துக் கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில்தான் அவர் ஊரில் குழந்தை விழித்திருக்கும். இதை அறிந்தால் கோபம் பாதியாகக் குறைந்துவிடும்.

தொல்லை தொடர்ந்தால் என்ன செய்வது?

பொறுமை என்றால் வாய்மூடிக் கிடப்பது என்று பொருளல்ல. படிப்படியாக வழி இருக்கிறது.

1. முதலில் தன் ஓசையைச் சரி செய்ய வேண்டும். அலாரம், கதவு சாத்துவது, காதில் மாட்டாமல் கைப்பேசியைக் கேட்பது, நடு இரவில் இஞ்சி பூண்டு தட்டுவது, பிள்ளைகள் ஓடி விளையாடுவது எல்லாமே கீழ்வீட்டாருக்கு இடி. ரமளானில் சஹர் நேரத்து மிக்ஸியும் அப்படித்தான். அரைக்க வேண்டியதை இஷாவுக்கு முன்பே அரைத்து வைத்தால் நோன்புக்கு ஒரு குறையும் வராது.

2. கோபம் தணிந்த நேரத்தில், தனியாக, சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும். பலர் முன்னிலையில் சொன்னால் அவர் மானத்துக்காக எதிர்ப்பார். "என் தூக்கத்தைக் கெடுக்கிறாய்" என்பதைவிட, "எனக்கு இரவு டூட்டி, காலை எட்டு முதல் இரண்டு மணி வரை உறங்கினால்தான் வேலை செய்ய முடியும்" என்பது பலிக்கும். தீமையை நல்லதைக் கொண்டு தடுத்தால் பகைவனும் உற்ற நண்பனாவான் என்பது குர்ஆனின் வாக்கு (41:34). குழம்பு வைத்தால் தண்ணீரைச் சற்று அதிகமாக்கி அண்டையாருக்கும் கொடுக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள் (முஸ்லிம்). கிண்ணம் போய் வரும் வீட்டில் சண்டை எளிதில் மூளாது.

3. பலிக்காவிட்டால், இருவருக்கும் வேண்டிய மூன்றாமவரை வைத்துப் பேச வேண்டும்.

4. அதற்கும் பயனில்லையென்றால் பொறுப்பாளரிடம் முறையிடலாம். அது மார்க்கத்துக்கு முரணல்ல. அண்டையாரின் தொல்லையை ஒருவர் முறையிட்டபோது, நபி (ஸல்) அவர்கள் இரண்டு மூன்று முறை பொறுமையாக இருக்கச் சொன்னார்கள். பின்னர், வீட்டுச் சாமான்களைப் பாதையில் எடுத்து வைக்கச் சொன்னார்கள். வழிப்போக்கர் விசாரித்து, தொல்லை தந்தவரைத் தூற்றவே, அவர் ஓடிவந்து, இனி அப்படிச் செய்யமாட்டேன், வீட்டுக்குத் திரும்புங்கள் என்று வேண்டிக் கொண்டார் (அபூதாவூத்). பொறுமைக்குப் பின் முறையீடு உண்டு என்பதற்கு இது ஆதாரம். சிங்கப்பூரிலும் இந்த வரிசையைத்தான் காண்கிறோம்: முதலில் நேரில் பேச்சு, பின்னர் சமூக மத்தியஸ்தம், முடிவாக, 2015 முதல் அண்டை வீட்டார் தகராறுகளுக்கென்றே உள்ள நடுவர் மன்றம். அந்தந்த நாட்டின் அமைதி நேரச் சட்டத்தை அறிந்து வைத்துக் கொள்வது சபராளியின் கடமை.

5. முடிந்தால் அறையோ வீடோ மாறலாம். நிரந்தரக் குடியிருப்பில் அமையும் கெட்ட அண்டையாரை விட்டுப் பாதுகாவல் தேடும்படி நமக்குக் கற்றுத் தரப்பட்டிருக்கிறது (நஸாயீ). வெளிநாட்டு அறை நிரந்தரமல்ல. ஒருநாள் மாறும் என்பதே ஓர் ஆறுதல்.

6. பதிலுக்குப் பதில் இரைச்சல் போடுவதும், கை நீட்டுவதும் எக்காரணம் கொண்டும் கூடாது. ஹக்குடன் இருந்தவர் அந்த நிமிடமே குற்றவாளியாகி விடுகிறார். வெளிநாட்டில் அதற்கு விலையாக வேலையும் போகலாம், சிறையும் கிடைக்கலாம்.

இரைச்சலுக்கு நடுவே தொழுகை

சுற்றிலும் ஓசை இருப்பதால் தொழுகை முறிந்துவிடாது. மனம் சிதறுவது வேறு, தொழுகை முறிவது வேறு. ஆனாலும் கவனத்தை இழுப்பவற்றை முன்கூட்டியே அகற்றுவது சுன்னத்தைச் சேர்ந்ததே. வேலைப்பாடுள்ள ஒரு மேலாடை தொழுகையில் கவனத்தைத் திருப்பியதால் நபி (ஸல்) அவர்கள் அதைத் திருப்பி அனுப்பினார்கள் (புகாரி, முஸ்லிம்). ஆகவே பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போகலாம். இயலாவிட்டால் அறையின் மூலையில் சுவரை நோக்கி நிற்கலாம். ஐந்து நிமிடம் ஓசையைக் குறைக்கும்படி தோழரிடம் வேண்டலாம். வேண்டினால் மறுப்பவர் மிகக் குறைவு.

பிறர் உறங்கும் அறையில் தனித்துத் தொழுபவர் சுபுஹு, மக்ரிப், இஷாவிலும் மெதுவாகவே ஓதிக் கொள்ளலாம். தொழுகைக்குக் குறைவு வராது.

உறக்கத்தால் தொழுகை தவறுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கைபரிலிருந்து திரும்பிய இரவில், சுபுஹுக்கு எழுப்பும் பொறுப்பை நபி (ஸல்) அவர்கள் பிலால் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பிலால் (ரலி) அவர்களும் கண் அயர்ந்துவிட, சூரியன் உதித்த பின்பே எல்லோரும் விழித்துத் தொழுதார்கள் (முஸ்லிம்). எழுவதற்கு ஏற்பாடு செய்துவிட்டு, மீறி உறங்கியவர் மீது குற்றமில்லை. விழித்ததும் தொழுதுவிட வேண்டும். ஏற்பாடே செய்யாமல் படுப்பவருக்கு இச்சலுகை இல்லை. இரவு டூட்டிக்காரர் தம் அறைத் தோழரையே எழுப்பச் சொல்லலாம். நேற்று வரை பகையாகத் தெரிந்தவர், நாளை நம்மைத் தொழுகைக்கு எழுப்புபவராக ஆகலாமல்லவா?

ஊரில் இருப்பவர்களுக்கு

தாய்மார்களே! வெளிநாட்டில் பிள்ளை இரைச்சலால் தூக்கமின்றித் தவிக்கிறானே என்று கண்ணீர் விடுகிறோம். அதே வேளையில் நம் தெருவில் நாம் என்ன செய்கிறோம்?

கலியாண வீட்டில் முந்திய நாளே குழாய் கட்டி இரவு முழுதும் பாட்டு. கந்தூரிக்கும் மவ்லிதுக்கும் பயானுக்கும் வீதி எங்கும் ஒலிபெருக்கி. மார்க்க சம்பந்தமானது என்பதால் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. பக்கத்தில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும், பிரசவித்த பெண் இருப்பாள், நெஞ்சு வலிக்காரர் இருப்பார், நம் மார்க்கம் சாராத அண்டையாரும் இருப்பார். முகதாட்சண்யத்துக்காக அவர்கள் பேசாதிருக்கலாம். அதனால் நம்மை மன்னித்து விட்டார்கள் என்று ஆகாது.

இந்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதே எல்லை. பொது இடத்தில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை. சில பண்டிகை நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை மாநில அரசு விலக்கு அளிக்கலாம். உச்ச நீதிமன்றமும் 2005-இல் இதனை உறுதிப்படுத்தியது. படுக்கையறைக்குள் 30 டெசிபலைத் தாண்டாதிருப்பதே நல்ல உறக்கத்துக்கு ஏற்றது என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருக்கிறது. சட்டம் இப்போது சொல்வதை, அண்டையாருக்குத் தொல்லை தராதே என்று நம் மார்க்கம் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. மற்றச் சமூகத்தார் தங்கள் விழாக்களில் இரைச்சல் போடுவதில்லையா என்று கேட்பதும் நமக்கு அழகல்ல. அவரவர் கணக்கு அவரவர்க்கு. நாம் வழிகாட்டப் பிறந்த சமுதாயம்.

மற்றொன்று: வெளிநாட்டில் இருக்கும் கணவருக்கோ மகனுக்கோ போன் செய்யும் முன், அங்கே இப்போது மணி என்ன, அவர் உறங்கும் நேரமா, அறைத் தோழர் உறங்கும் நேரமா என்று யோசியுங்கள். அவர் எட்டுப் பேர் அறையில் இருக்கிறார். நீங்கள் இங்கே உரக்கப் பேசினால் அங்கே எட்டுப் பேருக்கும் கேட்கும். இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டு, அவர் ஓய்வாக இருக்கும்போது பேசினால் உங்கள் சொல்லும் இனிமையாக இருக்கும்.

பெரியவர் கொண்டுவந்த பதில்

இரண்டு ஜும்ஆ கழித்துப் பெரியவர் மீண்டும் வந்தார். மகன் அறையில் விசாரித்தாராம். முதலில் யாரும் பேசவில்லையாம். பிறகு, அவர் கை நீட்டிய அதே தோழர் சொன்னாராம்: "நீ விடுமுறை நாளில் அதிகாலை மூன்றரைக்கு அலாரம் வைக்கிறாய். அது மூன்று முறை அடித்த பின்தான் எழுகிறாய். பின்னர் உரக்க ஓதுகிறாய். வாரம் முழுதும் வெயிலில் வேலை செய்யும் எனக்கு அந்த ஒரு நாள்தான் தூக்கம். ஓதுவதைத் தடுத்தால் பாவமாகி விடுமோ என்று பயந்து நான் இதுவரை சொல்லவில்லை."

மகன் தலை குனிந்து அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாராம். எட்டுப் பேரும் உட்கார்ந்து பேசி, யார் எந்த நேரத்தில் உறங்குவது, போன் பேசுபவர் எங்கே போய்ப் பேசுவது, சமையல் எத்தனை மணிக்குள் முடிப்பது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார்களாம். இரைச்சல் முழுதும் நின்றுவிட்டதா என்று கேட்டேன். "இல்லை ஹஜ்ரத். மேல்மாடி நாற்காலி இன்னும் இழுபடுகிறதாம். ஆனால் லுஹருக்கு எழுப்பிவிடுவது அந்த அடி வாங்கிய பிள்ளைதானாம்" என்றார் பெரியவர்.

சகோதரர்களே! வீடுகளில் பிள்ளைகளைக் கூட்டி இப்பாடத்தைப் படித்துக் காட்டுங்கள். படித்தபின் ஒரே ஒரு கேள்வியை ஒவ்வொருவரும் கேட்டுக் கொள்ளட்டும்: "என் ஓசையால் தூக்கம் இழந்தவர் யாரேனும் உண்டா?" உண்டு என்று தெரிந்தால் இன்றே அவர் வாசலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு வருவோம். அண்டையாரின் ஹக்கை அவர் மன்னித்தாலன்றி அது நம்மைவிட்டு நீங்காது.

யா அல்லாஹ்! சபரில் இருக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு அமைதியான உறக்கத்தையும், நேரம் தவறாத தொழுகையையும், நல்ல அண்டையாரையும் தந்தருள்வாயாக! எங்களையும் பிறருக்கு நல்ல அண்டையாராக ஆக்கி வைப்பாயாக! ஆமீன்.